அன்று நான் வீட்டில்தான் இருந்தேன்

பவிக்கு,

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை. நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்பது குரலிலேயே தெரிந்தது. வேலையை விட்டுவிட்டேன், இனிமேல் படம் வரைவது மட்டும்தான், குழந்தைகள் புத்தகத்துக்கு நாற்பது படங்கள் கேட்டிருக்கிறார்கள், பாதிப் பணத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாய். நானும் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னாய்: "அட்வான்ஸ் வந்த அன்னிக்கே பெரிய டேப்லெட் வாங்கிட்டேன் நைனா. ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுகினு இருந்தேன்." அதோடு என் வாய் அடைத்துப்போயிற்று. ஸ்டூடியோவுக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யாரும் வரவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ வேலையை விட்டதில் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "பொண்ணு நல்லா இருக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா? இன்னா மனுசன் நீங்க!" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் இல்லை பவி. பயம். அது எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி உனக்குத் தெரியும். நீ என்னிடம் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக நாம் இருவரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருக்கிறோம். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம் வீட்டில் பணம் எப்படி வந்தது என்று நீ பார்த்தே வளர்ந்தாய். கல்யாண போட்டோகாரன் வீட்டில் மாதம் என்று ஒன்று கிடையாது, முகூர்த்தம்தான் உண்டு. தையிலும் மாசியிலும் மலைமேல் கோவிலில் ஒரே நாளில் இருபது தாலி கட்டுவார்கள், கீழே மண்டபங்களில் இடம் கிடைக்காது. நான் காலையில் ஒரு கல்யாணம், சாயந்திரம் ஒரு வரவேற்பு என்று ஓடுவேன். வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும், உனக்குப் புதுச் செருப்பு வரும். ஆடி வந்தால் எல்லாம் நின்றுவிடும். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் மஞ்சள் துணியுமாக நிரம்பி வழியும்போது என் கடைக்கு வருகிறவர்கள் செல்போனுக்குச் சார்ஜ் போட இடம் கேட்டுத்தான் வருவார்கள். மார்கழியிலும் அதே கதை. கை நிறைந்திருந்தபோது நான் ராஜா மாதிரி செலவு செய்தேன், கை காய்ந்தபோது எரிந்து விழுந்தேன். எட்டு வயதில் நீ அம்மாவிடம், "நைனா இப்போ நல்ல மாசத்துல இருக்காரா கெட்ட மாசத்துல இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் ஸ்கூல் டூருக்குப் பணம் கேட்க வருவாயாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது நானும் சிரித்தேன்.

ஊரடங்கு வந்த வருடத்து மாசி மாதத்தில், சித்திரைக்கும் வைகாசிக்கும் சேர்த்து ஏழு கல்யாணங்களுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். அவ்வளவு பணத்தை நான் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. அதை அப்படியே கொண்டுபோய் டிரோன் வாங்கினேன். அரக்கோணத்துப் பையன்கள் மேலிருந்து மண்டபத்தைச் சுற்றிக் காட்டி வீடியோ போடுகிறார்கள், நான் மட்டும் ஏணிமேல் நின்று எடுத்துக்கொண்டிருக்கிறேனே என்ற எரிச்சல். "முகூர்த்தமெல்லாம் முடியட்டுமே, அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. "ஆடியில வாங்கி பரண்மேல வெக்கவா?" என்று கேட்டேன். அரக்கோணம் பக்கம் விமானதளம் இருப்பதால் அங்கே பறக்கவிட விடமாட்டார்கள் என்பதே வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையையும் கல்யாணப் பார்ட்டியிடமே வாங்கியிருக்கலாம். கருவி வாங்குவதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அது இல்லாமல் எத்தனை வேலை கை நழுவியது என்று பார்த்து, நழுவிய வேலையின் வருமானம் கருவியின் விலையைத் தாண்டிய பிறகு, முடித்துக் கொடுத்த வேலையின் பணத்தில் வாங்க வேண்டும். நான் செய்யாத வேலையின் பணத்தில் வாங்கினேன். அதை அப்போது நான் வருமானம் என்றுதான் நினைத்தேன்.

பங்குனியில் எல்லாம் மூடிவிட்டார்கள். ஏழு கல்யாணத்தில் நாலு வீட்டார் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு பேர் முணுமுணுத்துவிட்டுப் பணம் கேட்காமல் விட்டுவிட்டார்கள். ஏழாவது முனிரத்தினம், கே.ஜி.கண்டிகைக்காரர். ஒன்றரை ஏக்கர் நிலத்தில் வேர்க்கடலையும் கொஞ்சம் பூவும் போடுகிறவர். மகள் சரளாவுக்கு மாசியில் நிச்சயம் ஆகி, அதை நான்தான் படம் எடுத்திருந்தேன். அதற்கான கூலியைக் கழித்தால் அவருக்கு நான் திருப்பித் தர வேண்டியது இருபதாயிரம். கல்யாணத்தைப் பத்துப் பேரோடு வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம், போட்டோ வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்று முதலில் போனில் கேட்டார். "கொஞ்சம் நெலம சரியாவட்டுங்க" என்றேன். அப்புறம் நேரில் வந்தார். வாசலில் நின்றபடியே வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னேன். எதை வைத்து அந்த நாளைச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதாவது ஒரு நாளைச் சொன்னால் அவர் படி இறங்கிப் போவார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நீ பன்னிரண்டாவது பரீட்சை முடித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாய். கீழே சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு முனிரத்தினம் நின்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் பின்வாங்கி உன்னிடம், "நைனா இல்லன்னு சொல்லு. ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லு" என்றேன்.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டாய்.

"ஏதோ ஒரு ஊரு. போ, சொல்லு."

நீ என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. பென்சிலைக் கீழே வைக்காமலே இறங்கிப் போனாய். "நைனா இல்லீங்க. ஊருக்குப் போயிருக்காரு" என்று நீ சொன்னது மேலே கேட்டது. பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, தெருமுனையில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். எந்த ஊருக்குப் போயிருப்பான் ஒருவன்? அவர் அதைக் கேட்கவில்லை. "எப்போ வருவாரும்மா?" என்றார். "தெரியலீங்க" என்றாய்.

அவர் போகவில்லை. எதிரே மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடைப் படியில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் கதவின் இடுக்கு வழியாக நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அவர் நம் வீட்டைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது தொண்டையைக் கனைப்பார். அந்தத் தெருவில் வேறு சத்தமே இல்லை. கடைசியில் அவர் தண்ணீர் கேட்க, நீ சொம்பை எடுத்துக்கொண்டு போனாய். துண்டை அவிழ்த்துக் குடித்துவிட்டு உன்னிடம் ஏதோ சொன்னார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

நீ மேலே வந்து சொன்னாய்: "கல்யாணத்துக்கு இல்லியாம் நைனா. அவங்க சம்சாரத்துக்கு மூணு நாளா வயித்து வலியாம். ஆஸ்பத்திரில சேக்கணும்னா முன்னாடியே பணம் கட்டச் சொல்றாங்களாம்."

அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பணம் கேக்க வர்றவன் ஆஸ்பத்திரின்னு சொல்லாம வேற இன்னா சொல்லுவான்?"

அன்று பீரோவில் ஆறாயிரம் ரூபாய் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. அந்த ஆறாயிரத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மீதி எப்போது என்று கேட்பாரே, அதற்குப் பதில் இல்லையே என்ற வெட்கத்தில்தான் ஒளிந்தேன். முழுசாகக் கொடுக்க முடியாதவன் பாதியைக் கொடுத்துவிட்டு முகத்தைக் காட்டியிருக்க வேண்டும். வருமானம் நிலையில்லாத தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. கையில் இல்லாத நாள் உனக்கும் வரும். அன்று போனை எடு, கதவைத் திற, இவ்வளவுதான் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் இவ்வளவு தருகிறேன் என்று உன் வாயாலேயே சொல். உனக்காக இன்னொருவரைப் பேசவிடாதே.

மூன்று வாரம் கழித்து பேனர் அடிக்கும் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, கே.ஜி.கண்டிகையில ஒரு அம்மா தவறிட்டாங்க. அஞ்சலி போஸ்டர் போடணும். வீட்ல இருக்கிற போட்டோ எல்லாம் இருவது வருஷப் பழசு. நீங்கதான் அவங்க பொண்ணு நிச்சயம் எடுத்தீங்களாமே, ஒரு நல்ல முகமா அனுப்புங்களேன்" என்றார். பெயரைக் கேட்டேன். முனிரத்தினத்தின் மனைவி. கம்ப்யூட்டரைப் போட்டு நிச்சயப் படங்களைத் திறந்தேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். சரளா நகையோடு, நகை இல்லாமல், சாய்ந்து, சிரித்து. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக. ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலையோடு இருபது படங்களில். அந்த அம்மா பதினோரு படங்களில் இருந்தார். ஒன்றில் தாம்பாளம் தூக்கிப் போகும் முதுகு. ஒன்றில் பாதி முகம், மீதியை என் பிரேம் வெட்டியிருந்தது. மற்றதிலெல்லாம் யாரோ ஒருவருக்குப் பின்னால் மங்கலாக. பெண்ணைப் பெற்றவளை நிற்கவைத்து ஒரே ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். யார் என்றே தெரியவில்லை.

டிரோனைப் பாதி விலைக்கு விற்றேன். அந்தப் பணம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் உன் கல்லூரிக்கு முதலில் கட்டியதற்கும் போயிற்று. முனிரத்தினத்துக்கு முதலில் கொடுத்திருக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் பணத்தோடு போய் நிற்கும் தைரியம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தையில் மறுபடி கல்யாணங்கள் தொடங்கி, மூன்று முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கே.ஜி.கண்டிகைக்குப் பஸ் ஏறினேன். சரளாவின் கல்யாணம் ஆவணியிலேயே முடிந்துவிட்டிருந்தது. முனிரத்தினம் மட்டும் வீட்டில் இருந்தார். "வாங்க சார்" என்று பாயை விரித்தார். பணத்தை நீட்டினேன். எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே பேசினார்.

"ரெண்டு நாள் லேட்டாச்சு சார். மாட்ட வித்துதான் கொண்டுபோய் சேத்தேன். அந்த ரெண்டு நாள் இல்லன்னா பொழச்சிருப்பாளான்னு டாக்டரக் கேக்கல. கேட்டுகினு இன்னா பண்றது?"

அப்புறம், "நிச்சயத்துல எடுத்த போட்டோவுல அவ எதுலயாவது இருக்காளா?" என்று கேட்டார். நான் ஒன்றைப் பெரிதாக்கி உறையில் கொண்டுபோயிருந்தேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்த படம். சரளாவின் பின்னால் நின்று அவள் தலைப்பூவைச் சரிசெய்கிறார் அந்த அம்மா. முகத்தை மகளின் தோள் மறைத்திருக்கிறது, நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரியும், அந்தக் கண்ணும் கீழே பார்க்கிறது. அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "கை நல்லா வந்திருக்குது சார்" என்றார். "அவ கையேதான்."

நான் எழுந்துகொண்டேன். வாசல்வரை வந்தவர், "பாப்பா நல்லா படிக்குதா?" என்று கேட்டார். படிக்கிறாள் என்றேன். அப்போதுதான் சொன்னார்: "நல்ல பொண்ணு சார். புரட்டாசியில இங்க வந்துச்சு. தனியா, சைக்கிள்ல. அந்தா, அங்கயே நின்னுகினு, 'அன்னிக்கு நைனா வீட்லதான் இருந்தாரு, நான் பொய் சொல்லிட்டேங்க'ன்னு அழுதுச்சு. 'தெரியும்மா, பஸ்ஸே இல்லாதப்ப மனுசன் எங்க போவாரு'ன்னு சொல்லி, கடலை புடுங்கியிருந்தோம், கொஞ்சம் கட்டிக் குடுத்து அனுப்புனேன்."

பவி, அந்தக் கடலை எனக்கு ஞாபகம் இருந்தது. தோழி வீட்டில் கொடுத்தார்கள் என்று சொன்னாய். அம்மா உப்புப் போட்டு அவித்தாள். நீ தொடவில்லை. நான்தான் அதிகம் சாப்பிட்டேன், நல்ல கடலை என்று பாராட்டவும் செய்தேன்.

அன்று கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்ததும் முடியவில்லை. நீ ஆன்லைன் வகுப்பில் இருந்தாய். நாளைக்கு என்று நினைத்தேன். அந்த 'நாளை' வர இத்தனை வருடம் ஆகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீ ஒரு தடவைகூட எனக்கு வரும் போனை எடுத்துப் பேசியதில்லை. மணி அடித்தால் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவாய், நான் குளித்துக்கொண்டிருந்தால் குளியலறை வாசலில் வைப்பாய். நான் இல்லை என்று இன்னொரு தடவை சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்றுதானே?

எனக்கும் அந்த மதியம் போகவில்லை. யாராவது தெருவில் தொண்டையைக் கனைத்தால் நான் முதலில் எதிர்ப்படியைத்தான் பார்க்கிறேன். ஜெராக்ஸ் கடை போய் அங்கே இப்போது ஜூஸ் கடை வந்துவிட்டது, படியில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்கு அரை நொடி அவர்தான். கல்யாண வீடுகளில் கேமராவுக்குள் பார்க்கும்போது ஓரத்தில் யாராவது ஒரு பெண்மணி தாம்பாளத்தோடு கடந்தால் கை நின்றுவிடுகிறது. நம் ஸ்டூடியோவில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு கிறுக்கு மாதிரி தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் படம் பெண்ணின் அம்மா, தனியாக, முழு முகம். "எனக்கு எதுக்கு தம்பி, பொண்ண எடுங்க" என்று வெட்கப்பட்டு விலகுவார்கள். நான் விடுவதில்லை. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கே.ஜி.கண்டிகைக்குப் போய்வந்த வாரத்தில் ஆறாயிரத்தைத் தவிர மற்றதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. மறுநாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே நீங்க என்கிட்ட சம்பளத்துக்கு வேலை பாக்குறீங்க" என்றாள். விளையாட்டென்று நினைத்தேன். பேங்க்கில் இரண்டு புதுக் கணக்குத் தொடங்கினாள். அட்வான்ஸ் எதுவாக இருந்தாலும் ஒரு கணக்கில் போகும், ஆல்பத்தைக் கையில் கொடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது. ஆல்பம் கொடுத்த அன்று அது அடுத்த கணக்குக்கு வரும். அங்கிருந்து ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தை எப்படி முடிவு செய்தாள் தெரியுமா? ஊரடங்குக்கு முந்தின மூன்று வருடத்தில் எந்த மாதம் ரொம்பக் குறைச்சலாக வந்தது என்று கேட்டாள். மார்கழி என்றேன். "அப்போ அதுலதான் நாம வருஷம் பூரா சாப்புடறோம்" என்றாள். தையில் கொட்டுகிற பணத்தைப் பார்க்கும்போது கை துறுதுறுக்கும். ஆனால் அடுத்த ஆடியில் முதல்முறையாக நான் எரிந்து விழாமல் இருந்தேன்.

உனக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். நான் சொல்வதைவிட அம்மா சொல்வது தெளிவாக இருக்கும், அவளைக் கேள். அந்த நாற்பது படங்களையும் கொடுத்து முடிக்கும்வரை பதிப்பகத்துக்காரர்கள் அனுப்பிய பணம் அவர்களுடையது, உன்னிடம் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது, அவ்வளவுதான். டேப்லெட்டை இனித் திருப்ப முடியாது என்றால் உன் பழைய சம்பளத்தில் மிச்சம் இருப்பதை எடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடு. பாதியில் வேலை நின்றுபோனால் எவ்வளவு உனக்கு, எவ்வளவு அவர்களுக்கு என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் கேள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே. நானும் முனிரத்தினமும் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால், நான் எவ்வளவு பணத்தை எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்திருக்கும். ஆறு மாத வாடகையும் சாப்பாடும் சேரும்வரை நல்ல நாற்காலிகூட வாங்காதே. கம்பெனியை விட்டபோது அவர்கள் எடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் போயிருக்கும், இந்த வாரமே உன் பெயரில் ஒன்று எடு. இதை மட்டும் தள்ளிப்போடாதே, தயவுசெய்து. ஒவ்வொரு தொகை வரும்போதும் வரிக்கென்று ஒரு பங்கைப் பிரித்து வை, நான் அதிலும் ஒரு தடவை மாட்டினேன், அது வேறு கதை.

உன்னைப் பயமுறுத்தி மறுபடி வேலைக்கு அனுப்ப இதை எழுதவில்லை. நீ வரைவதை நான் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளத்துக்குள் அடங்குகிற கை இல்லை அது. வரை. ஆனால் பணம் இல்லாத பயத்தில் மனிதன் எவ்வளவு சின்னவனாகிவிடுவான் என்பதை உன் வீட்டிலேயே பதினேழு வயதில் பார்த்தவள் நீ. அந்த நிலைக்கு நீ வந்துவிடக் கூடாது என்றுதான் செவ்வாய்க்கிழமை எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்று. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பொய் என்னுடையது பவி. நீ சைக்கிள் மிதித்துப் போய்ச் சொன்ன மன்னிப்பு நான் சொல்லியிருக்க வேண்டியது. தையில் நான் போனபோதுகூட அதைச் சொல்லவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னை அந்தப் படியில் இறங்கிப் போகவைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டாலும் சரி.

வியாழக்கிழமை முனிரத்தினம் ஸ்டூடியோவுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல்முறை. நன்றாக வயதாகிவிட்டது. சரளாவின் சின்னக் குழந்தைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைமேல் மொட்டை போடுகிறார்களாம். "நீங்கதான் போட்டோ எடுக்கணும்" என்றார். அப்புறம் சட்டைப் பையில் கையை விட்டார்.

"அட்வான்ஸ் எவ்ளோ சார்?"

"வேணாங்க. படம் கைக்கு வந்த அப்புறம் குடுங்க."

"இல்ல சார், வாங்கிக்கோங்க. அப்போதான் நீங்க வருவீங்கன்னு எனக்கு நிம்மதியா இருக்கும்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. வெறுமனே சொன்னார். இரண்டாயிரம் ரூபாயை மேஜையில் வைத்தார். நான் அப்போதுதான், அவர் முன்னால் நின்றுகொண்டு, "அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேங்க. மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். கடைசியில், "ஏழு மணிக்கெல்லாம் மேல வந்துடுங்க, அப்புறம் கூட்டமாயிடும்" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாயில்லை.

படி இறங்கும்போது திரும்பி நின்று உன்னைக் கேட்டார். "பாப்பா மெட்ராஸ்லதான் இருக்குதாமே. மொட்டைக்கு வருமா சார்? வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போகட்டும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என்ன சொல்லட்டும் பவி?

நைனா